என் கால் உன் கழுத்தில் பட வேண்டாம்

சாமி,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை. அது நீ எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது, உனக்குத்தான் தெரியவில்லை. போன வியாழக்கிழமை கம்பெனி காரில் ஓசூரிலிருந்து பெங்களூர் போகும்போது, சிக்னலில் நின்றிருந்த உங்கள் வண்டியைப் பின்னாலிருந்து ஒரு பஸ் இடித்தது, காரின் பின்பக்கம் நசுங்கியதே தவிர யாருக்கும் ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டிருந்தால் சேர்வராயன் கோயிலுக்குப் போய் ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். ஆனால் நான்கு வரி தள்ளி, கழுத்து இரண்டு நாளாகத் திரும்ப மாட்டேன் என்கிறது, இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மரத்தாற்போல இருக்கின்றன, குழந்தையைத் தூக்கினால் பிடி நழுவுகிறது என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, "ஞாயித்துக்கிழமை வர்றனுங்கப்பா, உங்க காலால மூணு தடவை வழிச்சு உட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்று முடித்திருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வராதே. பேத்தியைப் பார்த்து ஐந்து மாதமாகிறது, இருந்தாலும் சொல்கிறேன், வராதே. அந்தக் கழுத்தோடு நான்கைந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து சேலம் வந்து, அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவிலும் குலுங்கிக்கொண்டு மலையேறி வர வேண்டாம். அப்படி வந்து சேர்ந்தாலும் என் கால் உன் மேல் படாது. இந்தக் கடிதம் கைக்கு வந்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போ. ஏன் இப்படித் தவிக்கிறேன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால், பதினான்கு வருடமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நேற்றே சொல்லத்தான் நினைத்தேன். நாகலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து ஏற்காடு போய், எஸ்.டி.டி. பூத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்து உன் கம்பெனிக்குப் போன் போட்டேன். உன்னை இரும்பு கடைகிற லேத் பக்கமிருந்து கூட்டி வருவதற்குள் மீட்டர் ஓடுகிற ஓட்டம் வேறு. "டாக்டர்கிட்டப் போ சாமி" என்றேன். நீ சிரித்தாய். "நீங்களே டாக்டர்தானுங்களே அப்பா, அப்புறம் எதுக்கு இன்னொரு டாக்டரு?" என்றாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பூத்துக்கு வெளியே நம் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் நின்றிருந்தார், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், மூன்று பேருமே என்னிடம் சுளுக்கு எடுத்துக்கொண்டவர்கள். அவர்கள் காதில் விழுமே என்று என் நாக்கு ஒட்டிக்கொண்டது. "சொன்னாக் கேளு" என்று மட்டும் கத்தினேன், லைன் கட்டாகிவிட்டது. பெற்ற மகனின் கையைவிட மூன்று பேர் மரியாதை பெரிதாகிவிட்டது பார். உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள இது ஒன்றே போதும், ஆனால் இன்னும் இருக்கிறது.

நான் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவன். எல்லாக் குழந்தையும் தலையால் வர, நான் காலை நீட்டிக்கொண்டு வந்தேனாம். அப்படிப் பிறந்தவனின் கால் பட்டால் சுளுக்கு போய்விடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. எனக்கு ஐந்து வயதாகும்போதே இடுப்பு பிடித்தவர்கள் குப்புறப் படுத்துக்கொண்டு என்னை முதுகில் ஏற்றி நடக்க விட்டார்கள். பெரியவனானதும் அதுவே ஒரு பெருமையாகிவிட்டது. காபிக் கொட்டை மூட்டை தூக்கி முதுகு பிடித்தவன், பழம் பறிக்கப் போய்ச் சரிவில் வழுக்கிக் கணுக்கால் மடங்கியவள், எல்லோரும் செவ்வாய், வெள்ளியில் வெறும் வயிற்றோடு நம் வீட்டு வாசலில் நிற்பார்கள். குதிகாலில் விளக்கெண்ணெய் தடவி மேலிருந்து கீழாக மூன்று முறை இழுப்பேன். பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். இரண்டு நாள் படுத்திருந்தால் தானாகவே சரியாகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. சரியாகாதவர்கள் திரும்பி வந்து சொல்ல மாட்டார்கள், அதனால் என் கணக்கில் தோல்வியே இல்லை. பல்ப் ஹவுஸில் காபிப் பழம் உரிக்கிற மேஸ்திரி நான், அங்கே எனக்கு மேலே பத்துப் பேர் இருந்தார்கள். சுளுக்கு விஷயத்தில் மட்டும் எனக்கு மேலே ஒருவரும் இல்லை. அந்தத் திமிர்தான் உன் அம்மாவின் கையைத் தின்றது.

நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். மஞ்சக்குட்டையில் உன் மாமன் மகளுக்குக் காது குத்து. உன்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நானும் அம்மாவும் மட்டும் ஷேர் ஜீப்பில் போனோம். அவள் பின்பக்கம், கடைசி ஆளாக, வாசல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு எஸ்டேட் கேட்டில் ஆள் இறங்க ஜீப் நின்றது. பின்னால் இறக்கத்தில் வந்த ஒரு கார், மலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுடையது, பிரேக் பிடித்தும் நிற்காமல் வந்து மோதிவிட்டது. பெரிய இடி என்றுகூடச் சொல்ல முடியாது. உன் அம்மாவின் தலை ஒருமுறை பின்னால் போய் முன்னால் வந்தது, அவ்வளவுதான். மடியிலிருந்த சீர்த்தட்டு கீழே விழுந்து வாழைப்பழம் எல்லாம் நசுங்கிவிட்டதே என்றுதான் அவள் கவலைப்பட்டாள். தன் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

காரிலிருந்து இறங்கிய மனிதர் நல்லவர். "அம்மாதான் பின்னாடி உட்கார்ந்திருந்தாங்க. இப்ப ஒண்ணும் தெரியாது, அப்புறம்தான் தெரியும். என் வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன், ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டிடலாம்" என்று இரண்டு முறை சொன்னார். ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் வலது காலைத் தூக்கிக் காட்டி, "எங்கூட்டு ஆஸ்பத்திரி இதுதானுங்க, நீங்க பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். காது குத்து வீட்டில் அன்று பகல் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்த மனிதர் மூன்றாம் முறையும் கேட்டிருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் அவர் மேல் கோபப்பட்டிருக்கிறேன். என் புத்திக்கு அவர் என்ன செய்வார்?

மறுநாள் காலையில் அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. "ஏனுங்க, கழுத்து திரும்ப மாட்டேங்குதுங்க. தோளுக்கும் கைக்கும் ஒரு மாதிரி ஓடுதுங்க" என்றாள். நீ இப்போது எழுதியிருக்கிறாயே, அதே பேச்சு. நான் பாய் விரித்துக் குப்புறப் படுக்கச் சொன்னேன். நீ பள்ளிக்குக் கிளம்பிப் போயிருந்தாய். எண்ணெய் தடவி, பின்கழுத்தில் குதிகாலை வைத்து மூன்று முறை இழுத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இறுக்கம் விடவில்லை என்று எனக்குப் பட்டது. அடுத்தவர்கள் கழுத்தாக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன். என் பெண்டாட்டிக்கே சரியாகவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும்? உட்கார வைத்து, தலையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு பக்கமாகத் திருகினேன். சொடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவள் ஒரே ஒரு முறை கத்தினாள். "அவ்வளவுதான் அம்மிணி, எடுத்தாச்சு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நொம்ப லேசா இருக்குதுங்க" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாள் என்று இப்போது தெரிகிறது.

அன்று சாயங்காலம் அவள் கையிலிருந்து சோற்றுக் கரண்டி விழுந்தது. மறுநாள் ஜாக்கெட் ஊக்கு மாட்ட வரவில்லை. நான்காம் நாள் வலது கை தொங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், அவர்கள் பார்த்த உடனே சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா, உன் அத்தை வயதிருக்கும், பொறுமையாக எல்லாம் கேட்டார். எப்போது இடித்தது, எந்தப் பக்கமிருந்து, எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை வைத்துவிட்டு, "கழுத்தை யாராவது திருகினாங்களா, எண்ணெய் போட்டு இழுத்தாங்களா? மறைக்காமச் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன். அது தெரிஞ்சாத்தான் சரியா வைத்தியம் பார்க்க முடியும்" என்றார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான், "இல்லீங்க டாக்டர், யாரும் தொடலீங்க" என்றேன். அவளும், "இல்லீங்க" என்றாள்.

கழுத்தைத் திருகியது தெரியாமல் செய்த பாவம் என்று வைத்துக்கொண்டாலும், அந்த "இல்லீங்க" தெரிந்தே செய்ததுதான். அவர் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருப்பார். இடியில் வந்த வீக்கம்தான், இறங்கிவிடும் என்று நினைத்துக் கழுத்துக்குப் பட்டை கட்டி அனுப்பினார். பதினைந்து நாள் கழித்துத் திரும்பப் போனபோது வேறொரு பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு நகர்ந்து கைக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது, வெறும் இடியில் இவ்வளவு தூரம் நகராதே, ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் வேறு மாதிரி பார்த்திருக்கலாம் என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதம் கழுத்துப் பட்டையோடு கிடந்தாள். வலி போனது, கை வரவில்லை. இரண்டு கையாலும் காபிப் பழம் பறித்து எஸ்டேட்டில் நம் டிவிஷனிலேயே முதல் ஆளாக நின்றவள், இடது கையால் சோறு பிசைந்து சாப்பிடப் பழகினாள்.

உனக்கு ஒரு நாள் நினைவிருக்கும். அடுத்த வருடம் சீசன் சமயத்தில் நாகலூர் ரோட்டோரம் நின்று, சுற்றிப் பார்க்க வந்த ஒரு காரின் மேல் நீ கல்லெறிந்தாய். "எங்கம்மா கையை உடச்சது இவனுகதானுங்க" என்று அழுதாய். நான் உன்னைப் பிடித்து வந்து வேலியிலிருந்து குச்சி ஒடித்து விளாசினேன். உன் தொடையில் வரி வரியாகத் தடித்திருந்தது. சாமி, அந்தக் கல் என் மேல் விழுந்திருக்க வேண்டியது. அது எனக்குத் தெரிந்ததால்தான் அவ்வளவு அடித்தேன். அன்றைக்கு அடித்ததற்கு இன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வெட்கம் பார்க்காமல் கேட்கிறேன்.

அதற்குப் பிறகாவது காலைச் சும்மா வைத்திருந்தேனா என்றால், அதுவும் இல்லை. திடீரென்று நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். கழுத்து என்று யாராவது வந்தால் மட்டும் இன்றைக்கு நாள் சரியில்லை, விரதம் என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழிப்பேன். கணுக்கால், இடுப்பு என்று வருகிறவர்களுக்குத் தொட்டும் தொடாமலும் தடவி அனுப்புவேன். நீ அதையெல்லாம் பார்த்து வளர்ந்தாய். ஐ.டி.ஐ. படிக்கும்போது உன் சிநேகிதர்களை வேறு கூட்டி வந்து, "எங்கப்பா கால் பட்டாப் போதும்டா" என்று பெருமையடித்தாய். படித்த பிள்ளைக்கு இந்த மூட நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. என் பொய்யைத்தான் நீ நம்பிக்கொண்டிருக்கிறாய்.

இப்போது நான் சொல்வதைச் செய். லீவு இல்லை, ஆர்டர் முடிக்க வேண்டும் என்று ஏதாவது சாக்குச் சொன்னால் நானே வந்து கம்பெனி வாசலில் உட்கார்ந்துவிடுவேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடிதம் கொண்டு வருகிற லாரி டிரைவர் நம் எஸ்டேட்டுக்காரர்தான். பெங்களூருக்குக் காபி மூட்டை ஏற்றிக்கொண்டு ஓசூர் வழியாகத்தான் போகிறார். நீ படித்து முடிக்கும் வரை கூடவே நிற்கச் சொல்லியிருக்கிறேன். ஆட்டோவில் மெதுவாகப் போ, ஸ்கூட்டரைத் தொடாதே. போகிற வழியில் எவனாவது கழுத்தைப் பிடித்துவிடுகிறேன், சலூனில் ஒரு சொடக்கு எடுத்தால் போதும் என்றால் பக்கத்திலேயே விடாதே. குழந்தையைத் தூக்காதே, அழுதாலும் தூக்காதே. மருமகளை உடன் கூட்டிப் போ, நீ மறைப்பதை அவள் சொல்லிவிடுவாள். டாக்டரிடம் வெறும் கழுத்து வலி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. நின்ற வண்டியைப் பின்னாலிருந்து பஸ் இடித்தது என்பதை முதலில் சொல். விரல் மரத்ததைச் சொல், பிடி நழுவுவதைச் சொல், எந்த நாளில் எது ஆரம்பித்தது என்று சொல். எண்ணெய் தேய்த்திருந்தால் அதையும் சொல். அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள். படம் எடுக்கச் சொன்னால் எடு, படு என்றால் படு.

நீ லேத்தில் நிற்கிறவன். உன் இரண்டு கையை நம்பித்தான் அந்தக் குழந்தை இருக்கிறது. உன் அம்மாவுக்குக் கை போனபோது நான் சம்பாதித்துப் போட்டேன், நீ சின்னவன், எப்படியோ ஓட்டினோம். உனக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேள்.

எழுதியதை எல்லாம் இப்போதுதான் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பதினான்கு வருடத்தில் இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வந்ததில்லை. படித்து முடிக்கும் வரை அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "உனக்குத் தெரியுமா அம்மிணி?" என்று கேட்டேன். "சொடக்குனு கேட்டப்பவே தெரியுமுங்க" என்றாள். "பின்னே ஏன் ஒரு நாளும் சொல்லலே?" என்றதற்கு, "சொல்லிருந்தா நீங்க தாங்கிருக்க மாட்டீங்க" என்றாள். நான் குழந்தை மாதிரி அழுதுவிட்டேன். இந்தக் கடிதத்தை அனுப்பினால் மகன் இனி நம் வீட்டு வாசலை மிதிக்க மாட்டான் என்றேன். "உங்களை வெறுத்தா வெறுத்துட்டுப் போறானுங்க. எம்புள்ளைக்குக் கை இருக்கட்டும். அனுப்புங்க" என்றாள்.

பிறகு பேனாவைக் கேட்டாள். அவள் ஐந்தாவது வரை படித்தவள், கல்யாணமான புதிதில் எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்த பெண்களுக்கெல்லாம் அவள்தான் கடிதம் எழுதிக் கொடுப்பாள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். உனக்கு நினைவிருக்காது. இடது கையில் கொடுத்தேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். வலது கை விரல்களுக்கு நடுவில் பேனாவைச் செருகி நான் பிடித்துக்கொள்ளப் போனேன், "நீங்க உடுங்க" என்றாள். கீழே கோணல் மாணலாக இழுத்திருப்பது உன் முழுப் பெயரின் தொடக்கம். முதல் இரண்டு எழுத்துக்கே கால் மணி நேரம் ஆயிற்று, அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அதை நன்றாகப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, சாமி.

அப்பா